ஓரத்தில் ஓடுகிற முதுகு

எங்கள் கடையில் அன்று முதலில் உடைந்தது மானிட்டர். அடுத்து உடைந்தது சேவ் அக்காவின் வலது கை. மூன்றாவது, தாடை. நான்காவதாக உடைந்திருக்க வேண்டியது என் மண்டை. அது அதற்குள் பின்வாசலைத் தாண்டி, சந்தையும் தாண்டி, தலை தெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துக் காறித் துப்புவதற்குள் நானே துப்பிக்கொண்டால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும்.

எங்களுடையது கல்யாண ஆல்பம் போடும் கடை. முன்னால் ஒரு நீள மேசையும் இரண்டு கம்ப்யூட்டர்களும். பின்னால் பிரிண்டர், ஒட்டுகிற பிரஸ், பேப்பர் வெட்டும் மெஷின். பின்பக்கம் என் ராஜ்யம், முன்பக்கம் அக்காவுடையது. முதலாளி என்று ஒருவர் உண்டு. மாதத்தில் இரண்டு தடவை வந்து ஏசியை அணைத்துவிட்டுப் போவார்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பதினேழில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். படம் எடுக்க வருகிறவர்களின் தோளைப் பிடித்து நிமிர்த்தி, "நேரா நில்லுங்க" என்று அதட்டுவதுதான் முதல் வேலை. கம்ப்யூட்டர் வந்தபோது ஸ்டுடியோக்காரர் அதைத் தொடப் பயந்து துணி போட்டு மூடி வைத்திருந்தார். அக்கா துணியை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். இருபத்தைந்து வருடமாக எழுந்திருக்கவில்லை. கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "ஆயிரத்து எண்ணூறு கல்யாணத்தை ஆல்பத்துல பார்த்தாச்சு. ஒண்ணு கூட எனக்கு ஆசை காட்டலை" என்பார்.

சேவ் அக்கா என்ற பெயர் வந்ததற்குப் பின்னால் ஒரு மூக்கு இருக்கிறது. பழைய ஸ்டுடியோவில் எண்பது பக்க ஆல்பம் ஒன்று கரண்ட் போனதில் காணாமல் போய்விட்டது. கல்யாண வீட்டிலிருந்து நான்கு பேர் வந்து கண்ணாடியை உடைத்தார்கள், ஸ்டுடியோக்காரரின் மூக்கையும் உடைத்தார்கள். தரையில் கிடந்த ரத்தத்தைத் துடைத்தது அக்காதான். அன்றிலிருந்து அவருடைய இடது கை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகப் போய் சேவ் அழுத்தும். பேசும்போதும் அழுத்தும், திட்டும்போதும் அழுத்தும். கடைக்கு யார் வந்தாலும் சாப்பிட்டியா என்று கேட்கமாட்டார். "சேவ் பண்ணியா?" என்பார்.

மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை ஒன்றும் தெரியாதவர்களின் நேரம். ஃபைல் திறக்கவில்லை, சத்தம் வருகிறது படம் வரவில்லை, எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள். அக்கா ஸ்டீல் ஸ்கேலால் மேசையில் ஒரு போடு போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

"உன் ஃபைல் புதுசு. அவங்க மெஷின் பழசு. புதுசு பேசறது பழசுக்குப் புரியாது. அதுக்குப் புரியற மாதிரி இறங்கி வந்து சேவ் பண்ணு. இதுக்கு எதுக்கு அழறே?"

ஒரு தடவை, வீடியோ பச்சையாகத் தெரிகிறது என்று ஒருவன் கீபோர்டைத் தூக்கி அக்கா மேல் எறிந்தான். அக்கா அதே கீபோர்டை எடுத்து அவன் தோளில் நாலு சாத்து சாத்தினார். பிறகு அவனை உட்காரவைத்து, வீடியோவைச் சரிசெய்து, எப்படிச் செய்தேன் என்று இரண்டு தடவை சொல்லியும் கொடுத்தார். எனக்கு அக்காவைப் பார்த்தாலே நடுக்கம். அவரை ஒருவன் அடிக்க முடியும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அந்த இரண்டு மணிக் கூட்டத்தில்தான் அவள் வந்து சேர்ந்தாள். பென்டிரைவைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பாள். அதனால் அவளுக்குப் பெயரே பென்டிரைவ் ஆகிவிட்டது. புருஷன் வண்டி உதிரி பாகங்கள் விற்கிறவன். தன் கடைக்கு விசிட்டிங் கார்டு போடக் கற்றுக்கொள்ளத்தான் அவளை அனுப்பினான். முதல் நாள் கீழுதடு வீங்கியிருந்தது. அடுத்த வாரம் கன்னத்தில் பவுடர் அப்பிக்கொண்டு வந்தாள்.

எத்தனையோ கல்யாணப் பெண்களின் முகத்தைப் படத்தில் துடைத்தவர் அக்கா. எது பரு, எது தழும்பு, எது அடி என்று அவருக்குத் தெரியும். அடி விழுந்த இடம் முதலில் சிவந்து, நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகிப் போகும் என்று நிறத்தை வைத்தே நாள் சொல்வார். அவள் போன பிறகு என்னிடம், "மூணு நாள் பழசு" என்றார். ஸ்கேலை எடுத்து மேசையில் அடித்தார். எதிரே யாருமில்லை.

ஒரு நாள் பென்டிரைவ் தன் கல்யாணப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, படத்துல இருக்கிற ஆளை எடுக்க முடியுமா?"

"முடியும். யாரை?"

அவள் விரலால் காட்டினாள். மாப்பிள்ளையை.

அக்கா வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்கு மத்தியானம் சொல்லிக்கொடுத்தார். பின்னால் தொங்குகிற திரையைத் துளித் துளியாக எடுத்து அவன் மேல் வைக்க வேண்டும். முதலில் கை போனது, பிறகு தோள், கடைசியில் மீசை. நான்காம் நாள் முடிவில் படத்தில் பெண்ணும் திரையும்தான் இருந்தார்கள். பென்டிரைவ் சிரித்து அன்றுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று பாதிதான் இருந்தது.

அந்தப் படத்தைப் பத்திரமாகப் பென்டிரைவில் போட்டுக்கொண்டாள். பயமில்லை, ஏனென்றால் எங்கள் கடை ஃபைல் அவள் வீட்டு மெஷினில் திறக்காது. அதுதான் அவளுக்குப் பூட்டு. பிரச்சினை என்னவென்றால் விசிட்டிங் கார்டும் திறக்கவில்லை.

"வீட்ல திறக்க மாட்டேங்குதுக்கா. ரெண்டு மாசமா என்னத்தைக் கிழிச்சேன்னு கேட்கறாரு. காட்டலைன்னா இனிமே அனுப்பமாட்டாரு."

தன் கடையிலிருந்து போன ஃபைல் ஒரு இடத்தில் திறக்கவில்லை என்றால் அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். பென்டிரைவை வாங்கிச் சொருகினார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவளாக இருந்தால் அந்த ஒரு கார்டை மட்டும் திறந்து மாற்றியிருப்பாள். அக்கா கைதேர்ந்தவர் அல்லவா, மொத்த ஃபோல்டரையும் ஒரே தட்டில் சாதாரணப் படங்களாக மாற்றிவிட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

"இந்தா. இனிமே எந்த மெஷின்லயும் திறக்கும். செல்போன்லயே திறக்கும்."

திறந்தது. மறுநாள் காலையில் அவன் கார்டைப் பார்த்தான், நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னானாம். பிறகு அடுத்த படத்துக்குப் போனான். அதில் அவன் இல்லை.

ஃபோல்டரை மெஷினில் ஏற்றிவிட்டதால் பென்டிரைவ் கயிறு திரும்ப அவள் கழுத்தில்தான் இருந்தது. அதைப் பிடித்தே வீடு முழுக்க இழுத்தான். கயிறு அறுந்த பிறகு காலால் மிதித்தான். விலா எலும்பு இரண்டு உடைந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை இடித்துத் திறந்தபோது அவன் பின்பக்கமாகப் போய்விட்டிருந்தான். நேராகத் தன் கடைக்குப் போய் வீல் ஸ்பேனர் ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தான். மணி பதினொன்றே கால்.

அன்று மதியமே அவனைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் அவன் சொன்ன கதை வேறு. பெண்டாட்டி மாடிப்படியில் விழுந்தாள், விசாரிக்கத்தான் கடைக்குப் போனேன், அந்தம்மா என்மேல் பாய்ந்து தடுக்கி மேசையோடு விழுந்தது என்றான். அந்த நேரத்தில் கடையில் வேறு ஆள் இல்லை. என்னைப் போலீஸ் கேட்டது. நான் சொன்னேன்: "நான் பின்னால மெஷின்ல இருந்தேன் சார். சத்தத்துல ஒண்ணும் கேட்கலை. பார்க்கலை." நாக்கு கூசாமல் சொன்னேன். உயிர் பயம் கொஞ்சம்தான், வெட்கம்தான் அதிகம். நாற்பத்து மூன்று வயது ஆம்பிளை, அக்காவை விட்டுவிட்டு ஓடினேன் என்று எந்த வாயால் சொல்வது?

மீதி இருந்தது கடை சிசிடிவி ஒன்றுதான். அதிலிருந்து எடுத்துக்கொடுக்கச் சொன்னார்கள், எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண் போலீஸ் லேப்டாப்போடு வந்தார். அக்காவின் தாடையைக் கம்பி போட்டு இறுக்கியிருந்தார்கள். வலது கை தோள்வரை மாவுக்கட்டு. இரண்டு கட்டில் தள்ளி பென்டிரைவ் படுத்திருந்தாள். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு.

"சத்தம் வருது மேடம், படம் வரலை. கறுப்பாவே இருக்கு" என்றார் போலீஸ்காரம்மா. "இன்ஸ்பெக்டர் பார்த்துட்டு இதுல ஒண்ணுமில்லைன்னுட்டாரு. நாளை மறுநாள் கோர்ட்டுல ஜாமீன் கேட்கறான். இப்படியே போனா அவனை வெளிய விட்டுடுவாங்க."

"வெளிய வந்தா எங்கக்கா வருவாரு?" என்று அந்தக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "வீட்டுக்குத்தானே வருவாரு?"

அக்கா இடது கையால் நோட்டில் கிறுக்கினார்: பிளேயர் எங்கே?

எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த ரெக்கார்டர் தனக்கென்று ஒரு விதமாக வீடியோவை எழுதுகிறது. அதோடு வரும் பிளேயரையும் சேர்த்து எடுத்தால்தான் வெளி மெஷினில் படம் தெரியும். இதை அக்கா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்பதுதான் சரி. கடைக்குப் போய் எடுத்து வந்தேன். லேப்டாப்பில் கை வைக்கப் போனபோது அக்கா கட்டில் கம்பியை ஓங்கித் தட்டினார். நோட்டில் எழுதினார்: நீ தொடாதே. அவங்களே திறக்கணும்.

போலீஸ்காரம்மாவுக்கு மவுஸ் பிடிக்கவே வரவில்லை. இரண்டு தடவை தட்டு என்றால் ஒரே தடவை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஃபைல் எங்கோ நகர்ந்துபோய்க் காணாமல் போனது. அக்கா கம்பியைத் தட்டித் தட்டி விரலே சிவந்துவிட்டது.

"திட்டாதீங்க மேடம். எனக்கு லத்திதான் பிடிக்கத் தெரியும்."

அக்கா எழுதினார்: நகல் எடுத்தாச்சா? முதல் ஃபைலைத் தொடாதே. நகலைத் திற. சேவ் பண்ணியா?

முக்கால் மணி நேரத்தில் படம் வந்தது.

மேலே மூலையிலிருந்து பார்க்கிற கேமரா. அக்கா மேசையில் இருக்கிறார். அவர் பக்கத்தில், இடது ஓரமாக, டீ டம்ளரோடு ஒருவன் நின்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறான். அது நான். கதவு திறக்கிறது. ஸ்பேனர் வெளிச்சத்தில் மின்னுகிறது. டீ டம்ளர் கீழே விழுவதற்குள் நான் திரும்பிவிட்டேன். முதுகு மட்டும் தெரிகிறது, அதுவும் குனிந்தபடி, ஓரமாக ஓடுகிறது. அக்காவுக்கும் எழுந்து ஓட நேரம் இருந்தது. அவர் ஓடவில்லை. முன்னால் சாய்ந்து, இடது கையை நீட்டி, இரண்டு விசையை அழுத்தினார். சேவ்.

முதல் அடி மானிட்டருக்கு. இரண்டாவது அடி மவுஸின் மேல் இருந்த கைக்கு, மவுஸோடு சேர்த்து. மூன்றாவது அதே கைக்கு, முழங்கைக்கு மேலே. அக்கா நாற்காலியோடு சாய்ந்தார். அவன் நாற்காலியை எட்டி உதைத்து அவரைத் தரையில் தள்ளி, தலைமுடியைப் பற்றித் தூக்கி, அவசரமே இல்லாமல், இடம் பார்த்து, தாடையில் அடித்தான். பிறகு மேசையில் கிடந்த ஆல்பத் தாளில் ஸ்பேனரைத் துடைத்தான்.

போலீஸ்காரம்மா, "பாவி" என்றார். பென்டிரைவ் போர்வையை வாயில் திணித்துக்கொண்டாள். அக்கா மட்டும் கண் கொட்டாமல் பார்த்தார். எந்த இடத்தில் நிறுத்தி எந்தப் படத்தை எடுக்க வேண்டும் என்று விரலால் காட்டினார், ஏதோ கல்யாண வீட்டு வீடியோவிலிருந்து எடுப்பது போல. எட்டுப் படம். என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அது செருப்பால் அடித்ததைவிட மோசம்.

படங்களைப் பிரிண்ட் போட எங்கள் கடைக்குத்தான் வரவேண்டும். நான் குனிந்து அக்காவின் காதில் சொன்னேன்: "ஓரத்துல கொஞ்சம் வெட்டிடறேன்க்கா. அவன் மேல ஒரு துளியும் கை வைக்கமாட்டேன். ஆல்பத்துல நாம வெட்டறதில்லையா? போலீஸ்ல வேற மாதிரி சொல்லிட்டேன்கா."

இடது கையில் அந்த எழுத்துகள் கோணல்மாணலாக வந்தன: பக்கத்துக்கு ரெண்டு. வரிசை மாறக்கூடாது. வெளிச்சம் கூட்டாதே. வெட்டாதே.

போலீஸ்காரம்மா முன்பக்கம் உடைந்த மானிட்டர் கிடந்த மேசையருகே போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் பின்பக்கம் இருந்த பழைய மெஷினில் முதல் படத்தைத் திறந்தேன். வெட்டும் கட்டத்தை இழுத்து இடது ஓரத்தை ஒரு அங்குலம் உள்ளே தள்ளினேன். நான் போய்விட்டேன். சுத்தமாக, சந்தேகமே வராதபடி. அக்காவும் அவனும் மட்டும் இருந்தார்கள். அந்தப் படத்தில் அக்காவைப் பார்த்தேன். உண்மையில் அவர் அப்படித்தான் இருந்தார், பக்கத்தில் யாருமே இல்லாமல். மூடும் பொத்தானை அழுத்தினேன். மாற்றத்தைச் சேவ் செய்யவா என்று மெஷின் கேட்டது. பதினாறு வருடம் அந்தக் கடையில் இருக்கிறேன், அன்றுதான் முதல் தடவையாக வேண்டாம் என்று அழுத்தினேன்.

கோர்ட்டில் அவன் நீலச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, பச்சைப் பிள்ளை மாதிரி நின்றான். அவன் வக்கீல் இரண்டு படங்களோடு எழுந்தார். ஒரு கையில் எங்கள் பிரிண்ட். இன்னொரு கையில் மாப்பிள்ளை இல்லாத கல்யாணப் படம்.

"இதுல என் கட்சிக்காரர் நின்னாரு. இவங்க எடுத்துட்டாங்க. எடுத்த இடத்துல கோடு தெரியுதா, தழும்பு தெரியுதா? இருக்கிற ஆளை இல்லாம பண்றவங்களுக்கு, இல்லாத ஆளைக் கொண்டு வந்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அப்புறம் இந்தம்மாவைப் பாருங்க. அடிக்க வர்றான்னா எவளாவது உட்கார்ந்து டைப் அடிப்பாளா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சக்கர நாற்காலியில் இருந்த அக்காவால் வாயைத் திறக்க முடியாது. பென்டிரைவ் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மூச்சு விடும்போது விலா வலித்து முனகினாள். அந்த முனகல் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"ஐயா, நான் அந்தக் கடையில வேலை பார்க்கறவன். இந்தப் படத்தையெல்லாம் பிரிண்ட் போட்டது நான்தான்."

"நீர் எதையும் பார்க்கவில்லை என்றல்லவா இங்கே எழுதியிருக்கிறது?" என்றார் நீதிபதி.

"பொய் சொன்னேன்யா. முதல் படத்துல இடது ஓரமா பாருங்க, ஒரு முதுகு ஓடுது. அது என்னுது. ஸ்பேனரைப் பார்த்தேன், ஓடிட்டேன். அக்கா ஓடலை. சேவ் பண்ணலைன்னா செஞ்ச வேலை போயிடும்னு அவங்க கைக்குப் பழக்கம், இருபத்தஞ்சு வருஷப் பழக்கம். படத்துல கை வச்சிருக்கோம்னு வக்கீல் ஐயா சொல்றாரு. கை வைக்கறதா இருந்தா முதல்ல என்னைத்தான்யா எடுத்திருப்பேன். எடுத்தும் பார்த்தேன். ஒரு நிமிஷ வேலை. சேவ் பண்ணலை."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நீதிபதி பிரிண்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார்.

"திரும்பி நில்லும்."

அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். திரும்பியதும் எதிரே அக்கா. அந்த ஐந்து நாளில் நான் அவர் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. தாடையில் நீலம் பச்சையாக மாறத் தொடங்கியிருந்தது. கண் வீக்கத்துக்குள்ளிருந்து என்னையே பார்த்தார். என் தோள் தானாகக் குனிந்தது. படத்தில் குனிந்திருப்பது போலவே குனிந்தது. நீதிபதிக்கு அதுவே போதுமாக இருந்திருக்க வேண்டும், பின்னால் பேனா எழுதும் சத்தம் கேட்டது. அவனை வெளியே விடப்போவதில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, கம்பி போட்ட பல்லிடுக்கு வழியாக அக்கா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"நேரா நில்லுடா."